மூன்றாம் படியில் என் ஃபில்டர்

நான் ஃபில்டர் செய்கிறவன். இப்படிச் சொன்னால் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பாதிப் பேர் தங்கள் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரை வந்து பார்க்கச் சொல்வார்கள். தமிழ்க்காரர்களாக இருந்தால், டிகாக்‌ஷன் சரியாக இறங்கவில்லை, என்ன செய்யலாம் என்பார்கள். முதல் சில வருடம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய், மூன்று வீட்டுத் தண்ணீர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தே கொடுத்துவிட்டேன்.

நான் செய்வது ரேடியோ அலைகளுக்கான ஃபில்டர். செல்போன் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். சொசைட்டி கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுடைய வேலைதான் அதற்கும். தன் அலைவரிசையை உள்ளே விட வேண்டும். பக்கத்து அலைவரிசை எவ்வளவு குழைந்து கேட்டாலும் விடக்கூடாது. அதற்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர் இருக்கும், வந்ததைப் பெரிதாக்குவதற்கு. ஃபில்டர் ஒரு தப்பான ஆளை விட்டுவிட்டால் போதும், ஆம்ப்ளிஃபையர் அவனுக்கும் மைக் பிடித்து ஊரைக் கூட்டிவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு பெட்டிகளோடுதான் நான் மாரடிக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்ததும் இதற்காகத்தான்.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் பேரில் ஒரு பேட்டன்ட் கிடையாது. கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய கம்பெனியில், சூடாகாமல் ஓடும் ஓர் ஆம்ப்ளிஃபையரைச் செய்தேன். அதற்கு பேட்டன்ட் எடுத்தார்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மூன்று பேர்: என் மேனேஜர், அவருடைய மேனேஜர், நான் கண்ணாலேயே பார்த்திராத ஒருவர். எனக்கு ஒரு மேடையில் வைத்துப் பேனா கொடுத்தார்கள். அந்தப் பேனா ஒரு நாளும் எழுதவில்லை. வயிற்றெரிச்சலில் அதை இன்னமும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

இப்போதைய கம்பெனி ரஞ்சன்காவ் போகும் வழியில் இருக்கிறது. முப்பது பேர் வேலை பார்க்கும் சின்ன இடம். முதலாளி மராட்டியர், எங்களுக்கெல்லாம் சாஹேப். என் புதிய ஃபில்டரைப் பார்த்ததும் அவர் சொன்னார்: பேட்டன்டின் உரிமை கம்பெனிக்கு, ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பேர் மட்டும்தான், என் பேர்கூட வராது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். விண்ணப்பம் போடும்வரை வெளியாள் ஒருவர் கண்ணிலும் இது படக்கூடாது. பட்டால், ஊருக்கே தெரிந்த விஷயம் என்று சொல்லி பேட்டன்ட் ஆபீஸில் தள்ளிவிடுவார்கள்.

அப்படி என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டால், ஒரு கம்பி. சிரிக்காதீர்கள். ஃபில்டர் என்பது அலுமினியப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளி முலாம் பூசிய சின்னச் சின்னத் தூண்கள் நிற்கும். வெயிலில் தூண்கள் சூடாகி லேசாக நீண்டால் போதும், வாட்ச்மேனுக்கு ஆள் அடையாளம் குழம்பிவிடும். நான் இரண்டு உலோகத்தை ஒட்டி ஒரு கம்பி செய்து, வில்லாக வளைத்து, இரண்டாவது தூணுக்கும் ஐந்தாவது தூணுக்கும் நடுவே வைத்தேன். சூடு ஏறினால் கம்பி தானாகவே கொஞ்சம் வளையும். தூண்கள் கெடுத்ததை அது சரிசெய்துவிடும். கம்பிக்கு இடம் வேண்டுமென்று தூண்களையும் வரிசையில்லாமல் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தேன். கம்பி இல்லாமல் பார்த்தால் அந்தத் தூண்கள் நிற்கும் விதம் சுத்த அபத்தம்.

சாஹேப் அனுமதியோடு, பேட்டன்டுக்குப் படம் வரைவதற்காக ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூடியைக் கழற்றி எல்லாப் பக்கமும் வரைந்தேன். மறுநாளே இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜஸ்தான் பாலைவனத்துக்கு வெயில் சோதனைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வீட்டுப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்தேன். அன்றைக்கு மகாளய அமாவாசை. நவராத்திரிக்காக வருடத்தில் பட்டுப்புடவையெல்லாம் வெளியே வரும் நாள் அதுதான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குடியிருப்பில். அப்பா விமான என்ஜின் மெக்கானிக். அதனால் என் மனைவிக்குத் தமிழில் பாதி ஹிந்தி கலக்கும், கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். மிக்ஸி, மின்விசிறி, பக்கத்து வீட்டுக் காலிங் பெல் எல்லாம் அவள்தான் பார்ப்பாள். நவராத்திரி வந்தால் ஹாலில் ஏழு படி கொலு. எங்கள் கோயம்புத்தூர் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. எனவே படியைத் தூக்கிப் போடுவதோடும் சுண்டல் தின்பதோடும் என் பங்கு முடிந்துவிடும்.

ஆறாம் நாள் சாயங்காலம் பாலைவனத்திலிருந்து திரும்பினேன். சோதனை பிரமாதமாக முடிந்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். மூன்றாம் படியின் நட்டநடுவில், சீரியல் பல்ப் வெளிச்சத்தில், தகதகவென்று என் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது.

மூடி இல்லை. பெட்டியைச் சுற்றி ஜரிகைத் துணி. தூணுக்குத் தூண் சாமந்திப் பூ. நடுவில், பூக்குவியலுக்கு மேல், பள்ளிகொண்ட ரங்கநாதர். முன்னால் நாதஸ்வர கோஷ்டி.

"என்ன அம்மிணி பண்ணி வெச்சிருக்கற?" என்று கத்தினேன்.

"ஏங்க, வந்ததும் வராததுமா என்ன சத்தம்? அரே, முதல்ல ஷூவக் கழட்டுங்க" என்றாள். "எப்படி இருக்கு பாருங்க. எல்லாரும் ஏக்தம் அசல் ஆயிரங்கால் மண்டபம்னு சொல்லிட்டாங்க. இத்தனை வருஷத்துல உங்க கம்பெனி செஞ்சதுல உருப்படியானது இதுதான்."

"எல்லாரும்னா யாரு எல்லாரும்?"

"ஏன், கூப்பிட்டவங்க எல்லாரும்தான்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகமும் வாடித்தான் போயிற்று. ஆனால் நான் பெட்டியை எடுக்கக் கையை நீட்டியதும் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். ஒரு தடவை படியில் வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாதாம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் காலையில்தான் கொலுவைக் கலைக்க வேண்டுமாம்.

"அதுல பெருமாள் படுத்திருக்கார். தொட்டீங்கன்னா தெரியும்."

"அது ஃபில்டர்டீ!"

"இப்ப அது மண்டபம். பஸ், அவ்வளவுதான்."

இதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். மளிகைக் கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய செட்டியார் பொம்மையை எடுத்து மண்டபத்துக்கு முன்னால் மறைவாக வைத்தேன். அவள் அதைத் தள்ளி வைத்தாள். நான் மறுபடி வைத்தேன். நான்கு நாளும் செட்டியார் இப்படியே கடைக்கும் மண்டபத்துக்கும் நடையாய் நடந்தார்.

ஏழாம் நாள் காலையில் எங்கள் பேட்டன்ட் வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். மராட்டியர்; வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். ஹிந்தியில் நடந்த பேச்சைத் தமிழில் சொல்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார். என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். யார் வந்தார்கள், யாருக்கு எந்த நிற ரவிக்கைத் துணி கொடுத்தோம் என்று அதில் இருக்கும், அடுத்த வருடம் அதே நிறம் போய்விடக் கூடாது என்பதற்காக. அதைப் பார்த்து எண்ணி, நாற்பத்து மூன்று என்றேன்.

"மூடி?"

"திறந்திருந்தது மேடம்."

"அரே தேவா! ரகசியம் காப்போம் என்று யாராவது கையெழுத்துப் போட்டார்களா?"

"வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார்கள்."

மஞ்சள் குங்குமம் வாங்க, ஹல்தி-குங்கூவுக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீங்கள் கையெழுத்து வாங்குவீர்களா என்று கேட்டேன். நான் என் வீட்டு ஹல்தி-குங்கூவில் அடுத்தவர் கண்டுபிடிப்பை வைப்பதில்லை என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, பார்த்தவர்களில் இந்தத் தொழில் தெரிந்தவர் யாராவது உண்டா, அவர் அந்தக் கம்பியைப் பார்த்தாரா, இது இரண்டும்தான் முக்கியம் என்றார். கம்பியைப் பார்த்திருந்தால் பேட்டன்டை மறந்துவிட வேண்டியதுதான். உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டு வா, அதன் பிறகு விண்ணப்பத்தைத் தொடுகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

நோட்டுப் புத்தகத்தை மறுபடி விரித்தேன். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள், பி விங், மதுரைக்காரர் குடும்பம், மயில்கழுத்து நிறம். அந்த மதுரைத் தம்பி வேலை பார்ப்பது சாகண் பக்கம் ஒரு கம்பெனியில். அங்கேயும் ரேடியோ ஃபில்டர்தான் செய்கிறார்கள். எங்களுக்கு நேர்ப் போட்டி.

"அவன் என்ன பண்ணினான், ஞாபகம் இருக்கா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பாவம், ரொம்ப பக்தி. மண்டபத்துக்கு முன்னாடி முட்டி போட்டுக் குனிஞ்சு அப்படியே பாத்துட்டு இருந்தார். எங்க வாங்கினீங்க அண்ணின்னு கேட்டார். உங்க கம்பெனில செஞ்சதுன்னு சொன்னேன்."

பக்தியாம்! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "உங்க பேர் வரணும்னு நான் ஆசைப்பட மாட்டேனா?" என்றாள். அதற்கு மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சுண்டலைத் தொடவில்லை.

சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்டிருந்த பன்னிரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடுவில் பூவும் பெருமாளும்தான், கம்பி தெரியவில்லை. கொலுவுக்கு முன்னால் மண்டியிட்டு, போன் டார்ச்சை அடித்து, சாமந்திக்கு அடியில் கம்பி தெரிகிறதா என்று பார்த்தேன். பூதான் தெரிந்தது. ஆனால் மூன்றாம் நாள் பூ எப்படி இருந்ததோ யார் கண்டது? வாடியிருந்தால்? அப்போது உள்ளே வந்த ஏ விங் அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, அண்ணாவுக்கு இந்த வருடம் நல்ல பக்தி என்று என் மனைவியிடம் சொன்னார்.

எட்டாம் நாள் ஒரு டப்பாவில் சுண்டலை எடுத்துக்கொண்டு பி விங்குக்குப் போனேன். அவன் கம்பியைப் பார்த்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கம்பி என்று என் வாயில் வந்துவிடக் கூடாது. வந்தால், இல்லாத ஞானமும் அவனுக்கு வந்துவிடும்.

"வாங்கண்ணே! என்ன இம்புட்டு தூரம்?" என்று வரவேற்றான்.

"சும்மாதான் தம்பி. கொலுவுக்கு வந்தீங்களாமா. எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்ண்ணே. அண்ணி வச்ச சுண்டல் இருக்கே, அடடா."

"பொம்மையெல்லாம் பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே."

"மூணாம் படி?"

"மூணாம் படியில என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ரங்கநாதரு."

"ஆமாண்ணே. சாமி நல்லா படுத்திருந்தாரு."

சொல்லிவிட்டு அவன் மின்விசிறியைப் பார்த்தான். நானும் மின்விசிறியைப் பார்த்தேன். தலைக்கு மேல் லோஹேகாவ் விமானம் ஒன்று வீட்டை அதிரவைத்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை இருவருக்கும் பேசாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். பார்த்திருக்கிறான், நிச்சயமாகப் பார்த்திருக்கிறான் என்று லிஃப்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஜயதசமி போயிற்று. மறுநாள் காலையில் குளித்த கையோடு படிக்கு முன்னால் போய் நின்றேன். என் மனைவி ரங்கநாதரைத் தூக்கித் துணியில் சுற்றினாள். நான் பூவை அள்ளிக் கீழே போட்டேன். தூண்கள் இருந்தன. நடுவில் கம்பி இல்லை.

"கம்பி எங்க?" அலறியே விட்டேன். போட்டியாளன் கையோடு எடுத்துப் போய்விட்டான் என்றுதான் முதலில் தோன்றியது.

"எந்தக் கம்பி? ஓ, அதுவா. நடு மண்டபத்துல கோணலா வளைஞ்சு நின்னுட்டிருந்துச்சு. பெருமாளப் படுக்க வெச்சா இடுப்புல குத்துது. அழகாவும் இல்ல. ரெண்டு ஸ்க்ரூதானே, முதல் நாளே கழட்டிட்டேன். அதோ, பார்க்ல இருக்கு பாருங்க."

படிக்குக் கீழே, தரையில், அவள் ஒரு பார்க் போட்டிருந்தாள். முளைவிட்ட கடுகுதான் புல்வெளி, கண்ணாடித் துண்டுதான் குளம். வாசலில் அழகாக ஒரு வளைவு. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் 'குழந்தைகள் பூங்கா' என்று தமிழிலும் மராட்டியிலும் எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நான் கண்டுபிடித்த கம்பி.

அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் நான் நான்கு நாளும் காலையில் காபி குடித்தேன். வந்த குழந்தைகளெல்லாம் அதற்கு அடியில் பொம்மைக் கார் விட்டிருக்கிறார்கள். மதுரைத் தம்பியின் பையன் அரைமணி நேரம் விட்டானாம். போன உயிர் திரும்பி வந்தது. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வக்கீலம்மாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கம்பியும் பார்வைக்கு இருந்தது, ஆனால் வேறு இடத்தில், வேறு வேலையாக இருந்தது என்றேன். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "நான்கு நாளாக அது உன் கண் முன்னாலேயே இருந்து உனக்கே தெரியவில்லை. மற்றவர் எப்படி இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க முடியும்? போடு விண்ணப்பத்தை" என்றார். படிவத்துக்காக, கண்டுபிடிப்பில் வேறு யாருடைய பங்காவது உண்டா என்று ஒரு கேள்வியும் கேட்டார். இல்லை என்றேன். என் பேரை மட்டும் எழுதினார்கள். அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். என் பேரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பெருமாளுக்கு முன்னால் வைத்தாள்.

அடுத்த நவராத்திரி வந்தது. விண்ணப்பம் போட்டாகிவிட்டது, இனி தைரியமாகக் காட்டலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். பெட்டியை நானே மூன்றாம் படியில் வைத்தேன். மூடி இல்லை, பூ இல்லை. நடுவில் கம்பி. ரங்கநாதருக்குப் பக்கத்தில் தனியாக இடம் கொடுத்தாயிற்று.

நான்காம் நாள் மதுரைத் தம்பி குடும்பத்தோடு வந்தான். படிக்கு முன்னால் போனவன், போன வருடம் போலவே முட்டி போட்டுக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

"அண்ணே" என்றான் கடைசியில். "போன வருசம் இந்தக் கம்பி இல்லையேண்ணே?"

கையிலிருந்த சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"இல்ல தம்பி" என்றேன். "ஏன் கேக்கறீங்க?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "மன்னிச்சிருங்கண்ணே. ஆபீஸ்ல வாய விட்டுட்டேன். தூணு இப்படித் தள்ளித் தள்ளி நிக்குது, இதுல என்னமோ இருக்குன்னு சொல்லிட்டேன். அதே மாதிரி செஞ்சு பாத்தாங்க. வெயில்ல வச்சா அலைவரிசை எங்கயோ ஓடுது. எங்க பழைய ஃபில்டரே தேவலாம்ங்கற மாதிரி ஆயிருச்சு. ஏழு மாசம்ண்ணே! ஏழு மாசம் அந்தத் தூணோட முட்டிக்கிட்டோம். எனக்கு வேலையே போயிருக்கும்."

எனக்கு உச்சந்தலைவரை கொதித்தது. அடப்பாவி, என் வீட்டுச் சுண்டலைத் தின்றுவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல! நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தேன். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டிய அத்தனை இன்ஜினியர்கள் கூடி நின்று, என் மனைவி பெருமாளுக்காகக் காலி செய்த இடத்தை ஏழு மாதம் முறைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவனும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தான்.

சிரித்து ஓய்ந்தபோது எனக்குள் ஒன்று சுருக்கென்றது. நான் செட்டியார் பொம்மையை நகர்த்தினேன், டார்ச் அடித்தேன், பி விங்குக்கு வேவு பார்க்கப் போனேன். அதெல்லாம் ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. என் பேரைக் காப்பாற்றியது முதல் நாள் அவள் கழற்றிய இரண்டு ஸ்க்ரூ. அவளிடம்தான் நான் வீடே அதிரக் கத்தினேன். வேறு யாருடைய பங்காவது உண்டா என்று கேட்டபோது, யோசிக்காமல் இல்லை என்றும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம், அந்தத் தம்பியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சுண்டல் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த தடவை ஏதாவது கண்டுபிடிச்சீங்கன்னா, எதக் கழட்டணும்னு முன்னாடியே சொல்லிடுங்க."